தையல் போட்டவள் கேட்காத கேள்வி

மார்ச் 6, வெள்ளி

புழுக்கம். பஸ்ஸில் வெள்ளவத்தை வர முக்கால் மணி நேரம். லிப்ட் திரும்பவும் பழுது. மூன்று மாடி ஏறி வந்தபோது நாலரை.

மேற்படிப்பு விண்ணப்பம் அடுத்த வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். சேர்ஜரியா, மெடிசினா? இரண்டு சோதனைக்கும் படிக்க எனக்கு மூளையும் இல்லை, லீவும் இல்லை. ஒன்றுதான்.

அம்மாவிடம் மெல்ல வாயைத் திறந்தேன். மெடிசின் செய்தால் என்ன என்று.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? மெடிசின் எண்டால் சும்மா குளிசை எழுதிற வேலைதானே. கலியாணப் புறோக்கருக்கு உன்ர சாதகத்தோட சேர்ஜன் எண்டு எழுதிக் குடுத்தாச்சு பிள்ளை!"

நான் இன்னும் ஒன்றுமே ஆகவில்லை. சேர்ஜரி வாட்டில் இரண்டு வருடமாகக் கூலிக்கு மாரடிக்கும் சாதாரண டொக்டர். அதைச் சொன்னதற்கும் ஏச்சு. அம்மாவின் கை நடுங்கித் தேத்தண்ணி சோசரில் ஊற்றுண்டது. நெற்றியெல்லாம் வியர்வை. இவ்வளவு கோபமா என்று பயந்தே போனேன்.

ஏழு மணிக்குக் கோயிலால் வந்து விரதச் சாப்பாடு முடிந்ததும் ஆள் சாந்தம். சீரியல் பார்த்துச் சிரிப்பு. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வாங்க: சவர்க்காரம், கறுப்புப் பேனை, நீரிழிவுக்கு அம்மா போடும் சீனிக் குளிசை ஒரு மாதத்துக்கு, மாம்பழம் (கறுத்தக்கொழும்பான் வந்துவிட்டதா பார்க்க).

தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தது:

சேர்ஜரி — கை ஓடும். வாட்டின் பெரிய டொக்டர், எங்கள் சேர், எல்லோர் முன்னாலும் அதைச் சொல்கிறார். அம்மாவுக்குச் சந்தோஷம். வேலை முடிந்தால் முடிந்தது.

மெடிசின் — நீண்ட நாள் நோய்கள். முடிவே இல்லாத கிளினிக். பிடிக்கும்.

"பிடிக்கும்" என்பதை எழுதிவிட்டு வெட்டினேன். காரணம் இல்லாமல் பிடிக்கும் என்று நேர்முகத்தில் சொல்ல முடியாது. பிறகு திரும்ப எழுதினேன். என் டயரிதானே.

மார்ச் 10, செவ்வாய்

வாட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள்.

செபஸ்தியான் ஐயா திரும்ப வந்திருக்கிறார். கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு கிழமைக்கு முன் வீட்டில் விழுந்து புருவம் கிழிந்தது, நான்தான் ஐந்து தையல். இன்று பின்மண்டை. ஏழு தையல், அதுவும் நான். ஸ்கானில் பிழை இல்லை. சீனி வருத்தம் உண்டு, ஆனால் ரத்தத்தில் சீனி அளவும் சரி.

"கால் வழுக்கிட்டுதுன்னு சொல்றாரு டொக்டர். நான் மூணு மணிக்குக் கடையிலருந்து வந்து பாக்குறேன், விழுந்து கெடக்குறாரு" என்று மனைவி.

சேர் வந்து மண்டையைத் திருப்பிப் பார்த்து, "லஸ்ஸனய்" என்றார், அழகு என்று சிங்களத்தில். என் தையலைத்தான், மண்டையை அல்ல. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். எனக்கும் உள்ளூரப் பெருமை. வெட்கக்கேடு.

மார்ச் 11, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் ஐயாவை வீட்டுக்கு அனுப்பும் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து, அந்தத் தாத்தா காலையிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை, தமிழில் ஒருக்கால் கேளுங்கள் என்றார். வாட்டில் தமிழ் தெரிந்த டொக்டர் நான் ஒருத்திதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?"

ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி பிளேன்டீ வாங்கப் போயிருந்தார்.

"வீட்டுக்காரிகிட்ட சொல்லாதீங்க டொக்டர். தவக்காலம்ல. நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கேன். மகனுக்கு கப்பல்ல வேல கெடச்சா இருப்பேன்னு நேர்ந்தேன், கெடச்சிட்டுது. ராத்திரி ஒரு நேரந்தான் சாப்பாடு. அவ கடைக்குப் போனதும் சோத்த பூனைக்குப் போட்டுருவேன்."

"சீனிக் குளிசை?"

"அது காலையில தவறாம போட்டுருவேன். குளிச சாப்பாடு இல்லியே. தண்ணியோட போட்டா ஒருசந்தி முறியாது."

குளிசை சீனியைக் கீழே இழுக்க, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நாள் முழுக்க. விழாமல் என்ன செய்வார்! விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பதுக்கும் கீழே. கை நடுக்கம், வியர்வை. நேற்றுச் சீனி அளவு ஏன் சரியாக இருந்தது? விழுந்த மனிதருக்கு மனைவி முதலில் கொடுத்தது ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணியாம்.

குளுக்கோஸ் கரைத்து நீட்டினேன். மாட்டேன் என்றார். நேர்த்தியாம்.

"சுகமில்லாத ஆளுக்கு ஒருசந்தி இல்லை ஐயா. வேணுமெண்டால் பாதரைக் கேளுங்கோ. மகன் கப்பலால வரேக்க நீங்கள் இருக்க வேண்டாமா?"

குடித்தார். கால் மணி நேரத்தில் வேறு ஆள். மகனின் படத்தைப் போனில் காட்டினார். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குளிசையை நிறுத்தி, மெடிசின் வாட்டுக்குக் கடிதம் எழுதினேன். மனைவியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். சம்மதித்தார். அவர் வாங்கிய ஏச்சு மூன்று கட்டிலுக்குக் கேட்டது.

பன்னிரண்டு தையல் போட்டிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. சிங்கள டொக்டர்மாருக்குப் பாஷை தெரியாது என்று ஒரு சாட்டு. எனக்கு என்ன சாட்டு? பஸ்ஸில் அழுகை வந்தது. ஆனால் வெள்ளவத்தை நெருங்கும்போது மனம் லேசாகியிருந்தது. அந்த ஸ்டூலில் இருந்த இருபது நிமிடமும் நான் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

மெடிசின்தான் என்று சேரிடம் சொன்னேன். "இந்தக் கையை வீணாக்கப் போகிறாய்" என்றார். சற்றுக் கழித்து, "அந்தக் கிழவர் விஷயம் நல்ல வேலை" என்றார். போதும். உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

காலையில் மழை. பத்தரைக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மெடிசின். அப்பாடா! வெளியே வந்து தனியாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. படி ஏற ஏற வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் குடைத் தண்ணி நிலத்தில் சிந்துகிறதென்று கத்தல். நெற்றியில் வியர்வை. கதவைப் பிடித்த கை நடுங்கியது.

பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது.

"அம்மா, வெள்ளிக்கிழமையில குளிசையை என்ன செய்யிறனீங்கள்?"

"காலமையே போட்டாச்சு. ஏன், அது என்ன சாப்பாடே, விரதம் முறிய?"

பையைக் கதிரையில் கொட்டி சீனி பார்க்கும் மெசினைத் தேடி எடுத்து விரலில் குத்தினேன். ஐயாவின் அளவேதான். சீனித் தண்ணீர், பிறகு இரண்டு வாழைப்பழம். முருகன் கோவிக்க மாட்டார் என்று மூன்று தரம் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

நடுக்கம் நின்றது. அம்மா கதிரையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தா.

"நான் விரதக் களை எண்டுதான் நினைச்சன். எத்தினை வெள்ளி. நீயும் பக்கத்திலதானே இருந்தனி."

அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன், விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், மெடிசின் என்று. அம்மா இன்னொரு வாழைப்பழமும் உரித்துச் சாப்பிட்டா. பிறகு போனை எடுத்தா. புறோக்கர்.

"வணக்கம் தம்பி. பிள்ளையின்ர சாதகத்தில சேர்ஜன் எண்டு கிடக்கெல்லே, அதை மாத்துங்கோ... இல்லை, இல்லை, டொக்டர்தான்! வெட்டிறவ இல்லை தம்பி. கேக்கிறவ."