நூற்றெட்டுச் சதுர அடிக் கொட்டில்

05.07.1997, சனி

கனடாவில் இந்த அஜக்ஸ் நகரமே திரும்பிப் பார்க்கப்போகிற முடிவொன்றை இன்று எடுத்தேன். பின்வளவில் கொட்டில் கட்டப்போகிறேன். கடையில் விற்கிற தகரப் பெட்டி இல்லை. முப்பது பனிக்காலத்துக்கு அசையாத மரக் கொட்டில். என் கையால்.

காரணம் தங்கச்சி பேபி. அவளுக்கும் மகள் அட்சயாவுக்கும் விசா வந்துவிட்டது. செப்டெம்பர் 20 வந்து இறங்குகிறார்கள். பேஸ்மன்ட் அறைதான் அவர்களுக்கு. ஆனால் அந்த அறைக்குள் இப்போது ஊர்ச் சங்கத்தின் இருநூறு மடக்குக் கதிரைகளும், ஊருக்கே சோறு காய்ச்சுகிற, ஆள் உள்ளே இருந்து குளிக்கக்கூடிய மூன்று கிடாரங்களும் குடியிருக்கின்றன. போன வருடக் கூட்டத்தில் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று எல்லாரும் முழிக்க, நான்தான் எழும்பி “என்ர வீடு கிடக்கு” என்றேன். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். (பின்வரிசை தட்டவில்லை.)

மனிசி சந்திரவதனா காலையிலேயே தொடங்கிவிட்டாள். “கதிரையள் வெளியில போகவேணும். இல்லாட்டி உங்கட தங்கச்சி கிடாரத்துக்குள்ளதான் படுக்கவேணும்.”

“கொட்டில் கட்டுறன்.”

“ஊரில நீங்கள் கட்டினது ஒரு கோழிக்கூடு. அதையும் மரநாய் பிரிச்சுப்போட்டுது.”

மரநாய் இல்லை. காற்று. பெருங்காற்று.

06.07.1997, ஞாயிறு

பேபிக்குக் கடிதம் போட்டேன். “வீட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது.” பொய் இல்லையே? மனதில் எழும்பிவிட்டதுதானே.

12.07.1997, சனி

சீமோனைக் கூப்பிட்டேன். இரண்டு தெரு தள்ளியிருக்கிற மன்னார்ப் பெடியன், பிக்கரிங்கில் புது வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கிறவன். அபிப்பிராயம் கேட்க மட்டும்தான் கூப்பிட்டேன். வந்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்தான்.

“அண்ணை, இந்த நாட்டில மாரிக்கு நிலம் உறைஞ்சு வீங்கும். கட்டையை மண்ணில நட்டியளோ, அடுத்த வருசம் தூக்கி எறிஞ்சுபோடும். சல்லிக்கல் பரப்பி, கொங்கிறீட் கல் வைச்சு, அதுக்கு மேல தூக்கி நிப்பாட்டுவம். மரம் மண்ணில முட்டப்படாது.”

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

“பத்துக்குப் பத்துப் போதும்” என்றான். அதற்கு மேலே போனால் ரவுன் கந்தோரில் பெர்மிட் எடுக்கவேண்டிவருமாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. நூறு என்ன எண்ணிக்கை? மொட்டை எண்ணிக்கை. ஒன்பதுக்குப் பன்னிரண்டு போட்டால் நூற்றெட்டு! தேங்காய் அடிக்கிறதும் நூற்றெட்டு, அர்ச்சனையும் நூற்றெட்டு. சும்மா கிடைக்குமா இந்தக் கணக்கு?

“எங்களுக்குப் பத்துத்தான் அண்ணை” என்று சிரித்தான் சீமோன். “பத்துக் கட்டளை. கூட்டினால் பாதர் பேசுவார்.”

“எட்டு அடி கூடினால் ஆரடா வந்து அளக்கப்போகினம்?”

19.07.1997, சனி

நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, முதல் கல் வைத்தாயிற்று. மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். இரண்டு பக்கமும் சரி பதினைந்து அடி! ஒரு நூலும் பிசகவில்லை. என்ஜினியர்மார் மெசின் வைத்துப் பார்க்கிறதை நான் தையல் நூலில் பார்த்தேன். சீமோன் நூலின் மறுமுனையைப் பிடித்தான்.

02.08.1997, சனி

மரம் ஒரு சதமும் இல்லாமல் வருகிறது! எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி வருகிற ஸ்கிட் என்கிற மரத்தட்டுகளை உடைத்துக் குப்பையில் போடுகிறார்கள். நல்ல வைரமான பலகை. மனேச்சர் என்னைக் கண்டதும் எழும்பி நின்று “நவா, எவ்வளவு வேணுமோ எடு” என்றார். (கைகாட்டினார்.) சீமோன் வேலைத்தளத்தில் மிஞ்சின பிளைவூட்டும் கூரைக்கு அடிக்கிற சிங்கிள்ஸ் ஓடுகளும் கொண்டுவந்தான். கதவு, மார்க்கம் நகரில் ஒரு பெரிய வீட்டு வாசலில் குப்பைக்கு வைத்தது. பித்தளைப் பிடி! மந்திரி வீட்டுக் கதவாக இருக்கவேண்டும்.

அடியில் போகிற சட்டங்களுக்கு மட்டும் உக்காத மருந்து அடித்த பச்சை நிற மரம் காசு கொடுத்து வாங்கினோம். அதில் மிச்சம் பிடித்தால் மேலே உள்ளதெல்லாம் வீண் என்றான் சீமோன். நானே சொல்லியிருப்பேன், அவன் முந்திவிட்டான்.

03.08.1997, ஞாயிறு

பெருவிரலில் சுத்தியல். நகம் கறுத்துவிட்டது. வேலைக்குச் சிங்கம் கடித்த மாதிரிக் கட்டுப் போட்டுக்கொண்டு போவேன்.

17.08.1997, ஞாயிறு

நாலு சுவரும் நிற்கிறது! பின்சுவர் தாழ்வு, முன்சுவர் உயரம், கூரை ஒரே சரிவு. பனி தானாக வழுக்கி விழும். ஆறு பேர் தூக்கவேண்டிய முன்சுவரைத் தனியத் தூக்கினேன். சீமோன் மறுமுனையைப் பிடித்தான்.

01.09.1997, திங்கள்

முடிந்தது! முடிந்தது! கூரை வேய்ந்து, கதவு பூட்டி, மஞ்சள் பெயின்ரும் அடித்தாயிற்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பலகை வாசம். சந்திரவதனா தேத்தண்ணியோடு வந்து சுவரைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. “மரநாய் வரட்டும் பாப்பம்” என்றாள். அவள் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

08.09.1997, திங்கள்

என்ன சொல்ல? எனக்கு வாய் ஏன் இருக்கிறது?

பின்னேர வேலை என்றபடியால் காலையில் வீட்டில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரன் கட்டுகிற டெக் என்கிற மரத் திண்ணையைச் சோதிக்க ரவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவர் பாட்டில் வந்தார், பார்த்தார், போகத்தான் இருந்தார். நான்தான் வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டேன். வாருங்கள் சேர், என் வேலையைப் பாருங்கள் என்று. வந்தார். நல்ல மனிதர். கல்லைக் குனிந்து பார்த்து மெச்சினார். அதோடு விட்டேனா? “சரியாக நூற்றெட்டுச் சதுர அடி சேர்! புனிதமான எண்!” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கல்குலேற்றரை எடுத்தார்.

பெர்மிட் இல்லாமல் பத்துச் சதுர மீற்றர்தான் கட்டலாமாம். அது நூற்றேழு சதுர அடியும் சொச்சமுமாம். என்னுடையது ஒரு பலகைத் துண்டளவு கூட. இனிப் படம் கீறி விண்ணப்பித்தால் கிழமைக் கணக்கு ஆகும். இல்லாவிட்டால் குறைக்கவேணும். பதினைந்தாம் திகதி திரும்பி வருவாராம். அதுவரைக்கும் உள்ளே ஒன்றும் வைக்கவேண்டாமாம்.

பேபி வர இன்னும் பன்னிரண்டு நாள். கதிரையெல்லாம் இன்னும் கீழே. அவளைக் கொண்டுபோய் எங்க படுக்க வைக்கிறது? கட்டிடம் எழும்புது எண்டு கடிதம் வேற போட்டுட்டன்.

09.09.1997, செவ்வாய்

சந்திரவதனா கேட்காமலே முட்டை பொரித்துத் தந்தாள். அதுதான் பயம்.

10.09.1997, புதன்

சீமோன் வந்தான். ‘அப்பவே சொன்னனான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவு நாடாவை இழுத்தான்.

“பின்சுவரை உள்ளுக்கு எடுப்பம் அண்ணை. கூரையில கை வைக்கத் தேவையில்லை, முட்டுக் குடுத்துத் தாங்கினால் சரி. சுவருக்கு மேல ஒரு கட்டை வைச்சு உயர்த்தினால் போதும்.”

“அரை அங்குலம் எடுத்தால் காணுமெல்லே?”

“கள்ளக் கணக்கு வேண்டாம். முழுசா ஒரு அடி வெட்டுவம். எட்டடி எண்டால் பலகை அளவுக்கும் பொருந்தும்.”

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு என்று எந்தச் சாமிக்கு அர்ச்சனை செய்கிறது?

13.09.1997, சனி

வெட்டினோம். முதல் வெட்டைச் சீமோனிடம் விட்டுவிட்டு நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் பின்னேரம் பார்த்தால்! சுவர் உள்ளே போக, பின்பக்கம் கூரை தாழ்வாரமாக நீண்டு நிற்கிறது. இனி மழைச் சாரல் சுவரில் படாது. வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கிறது. வேண்டுமென்றே செய்ததாகத்தான் சங்கத்தில் சொல்வேன்.

வெட்டின தரைப் பலகை ஓர் அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். எறிய மனமில்லை. பேஸ்மன்ட் அறைச் சுவரில் தட்டாக அடிக்கலாம் என்றாள் சந்திரவதனா.

15.09.1997, திங்கள்

அதிகாரி அளந்தார். கை தந்தார். நான் நூற்றெட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கதிரை இருநூறும் உள்ளே. கிடாரங்களை முகட்டில் தொங்கவிட்டோம்.

20.09.1997, சனி

வந்துவிட்டார்கள். என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன், விமான நிலையத்தில் பெட்டியைத்தான் வாங்கினேன். பேபி மெலிந்துபோனாள்.

அறையைப் பார்த்து “இவ்வளவும் எங்களுக்கோ அண்ணை?” என்றாள். அட்சயா பெட்டியைத் திறந்து தட்டில் அடுக்கினாள். ஒரு பிள்ளையார் படம், ஒரு கல்யாணப் படம், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு சின்னக் குத்துவிளக்கு. இரண்டு அடி முடியவில்லை, சாமான் முடிந்துவிட்டது. சண்டைக்குள் எத்தனை இடம்பெயர்வில் மிஞ்சினது.

பத்தடி வெறும் பலகை. நான் மேலே வந்துவிட்டேன்.

21.09.1997, ஞாயிறு

பேபி பின்வளவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “கடிதத்தில எழுதின கட்டிடம் இதுவோ?”

சீமோனும் நின்றான். மந்திரி வீட்டுக் கதவு, தனியத் தூக்கின சுவர், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

“ஓம். சீமோன் கட்டினவன். நான் மறுமுனையைப் பிடிச்சனான்.”

சந்திரவதனா தேத்தண்ணி ஆற்றுகிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பேபி உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் பிடிச்சிருக்கிறியள் அண்ணை. ஆடேல்லை. கனகாலம் நிக்குமோ?”

முப்பது பனிக்காலம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருபது என்றேன்.