முன்சில்லு

யூலை 8, செவ்வாய்

அந்தோனியார் கோயிலாலை வந்து எழுதுறன். வந்தது நடந்து. செபம் முடிஞ்சு வெளியிலை வந்தால் சைக்கிளின்ரை முன்சில்லைக் காணேல்லை. பின்சில்லைத்தான் பூட்டியிருந்தனான். முன்கவை மண்ணிலை குத்தி, சைக்கிள் முழந்தாளிலை நிண்டு செபிக்கிற மாதிரி நிக்குது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"அந்தோனியாரிட்டைக் கேளுங்கோ மாமி, துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்" எண்டாள் பக்கத்து வீட்டு றஜிதா.

"அவற்ரை சுவரிலைதானேடி சாத்தினனான். கள்ளன் கழட்டேக்கை ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம்" எண்டன்.

வீட்டை வந்தாப்பிறகு சிரிப்பு இல்லை. மூண்டு கிழமையிலை நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும். ஏறினால் நான் கருவாடு விக்கிற வீடுகள் எல்லாம் சைவம். அதுக்குள்ளை வித்தால்தான் உண்டு. சில்லில்லாமல் கோண்டாவில் வரைக்கும் என்னெண்டு போறது?

யூலை 9

முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்புத்துறை றோட்டிலை இருக்கிற லெனாட் அண்ணையின்ரை சைக்கிள் கடைக்குப் போனன். கிட்டவும் கடையள் இருக்கு. நான் அங்கைதான் போனன்.

"என்ன யசிந்தா, அரைச் சைக்கிளோடை வாறியள்?"

"மிச்சம் அரை உங்களிட்டைக் கிடைக்கும் எண்டு வந்தனான்."

புதுச் சில்லு எடுக்கிறதெண்டால் ஒரு மாதக் கருவாட்டுக் காசு போயிடும். பழைய சாமானிலை பாப்பம் எண்டார். அப்பதான் என்ரை வாய் — கூரை மரத்திலை தொங்கின சைக்கிளைக் காட்டி, "உது சும்மாதானே தொங்குது, உதின்ரை சில்லைக் கழட்டித் தாங்கோவன்" எண்டு கேட்டிட்டன்.

கையிலை இருந்த குறட்டைக் கீழை வைச்சார். நான் சைக்கிளை அங்கையே விட்டிட்டு வந்திட்டன்.

அது அவற்ரை மனிசி பிலோமினா அக்காவின்ரை சைக்கிள். அவ செத்து நாலு வருசம். அதிலை அவ பூசைக்கு வாறதை எத்தினை தரம் பாத்திருக்கிறன். தெரிஞ்சுகொண்டு கேட்டனோ? ஏன் கேட்டன்?

யூலை 11

வெள்ளிக்கிழமை, ஒரு வீட்டிலையும் கருவாடு எடுக்க மாட்டினம். நல்லது. நேற்று நடந்து வித்த கால் நோகுது.

யூலை 13, ஞாயிறு

பூசையிலை லெனாட் அண்ணை ஆம்பிளையள் பக்கம், தூணோடை இருந்தார். சேட்டுப் பூட்டுற தெறியளிலை ஒரு தெறி வேறை நிறம். தானே தைச்சிருப்பார். சுவாமி என்ன பிரசங்கம் வைச்சவர் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. தெறியைக் கேட்டால் சொல்லுவன்.

சமாதானம் சொல்லி எல்லாரும் கும்பிடேக்கை அவரும் இந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்கோ, எனக்குப் பின்னாலை நிண்ட ஆளுக்கோ.

ஊர் முழுக்கப் பகிடி விடுற வாய். கலியாணமும் கட்டாமல் அம்பது வயசு வந்திட்டுது. ஒரு மனிசனிட்டைப் போய், பிழையாக் கதைச்சிட்டன் எண்டு சொல்லத் தெரியேல்லை.

யூலை 16

சில்லு பூட்டியாச்சு. பழைய சாமானிலை பொறுக்கிக் கட்டினதாம். "ரயருக்கும் ரியூபுக்கும் மட்டும் தாங்கோ. மிச்சத்துக்கு ஒரு சரை நெத்தலிக் கருவாடு போதும்" எண்டார்.

அண்டைக்குக் கதைச்சதை மனசிலை வைச்சிராதையுங்கோ எண்டு சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ளை அவர், "செவ்வாய்க்கிழமை ஒருக்காக் கொண்டு வாங்கோ. புதுசாக் கட்டின சில்லு, கம்பி இறுக்கவேணும்" எண்டிட்டார்.

கோண்டாவில் போய் வந்தன். சத்தமே இல்லாமல் ஓடுது.

யூலை 22, செவ்வாய்

கம்பி இறுக்கினது எண்டால், ரெண்டு மூண்டைத் தொட்டுப் பாத்தார். பிறகு பிளேன்ரீ. தானே ஊத்தினார், சீனி கூட. நான் கதைக்கக் கதைக்கச் சிரிச்சார்.

கூரையைப் பாக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். பிலோமினா அக்காவின்ரை சைக்கிளைச் சாக்காலை மூடியிருந்தார். கடல்காத்து வந்து சாக்கைத் தூக்கிச்சுது.

முன்சில்லு இல்லை.

எனக்குப் பகிடி ஒண்டும் வரேல்லை. வாசலிலை நிண்ட என்ரை சைக்கிளின்ரை முன்சில்லைப் பாத்தன்.

"கம்பி இன்னும் இறுக்கக் கிடக்கு. அடுத்த செவ்வாயும் வாங்கோ" எண்டார்.

ஓம் எண்டன்.

யூலை 29, செவ்வாய்

நல்லூரிலை கொடி ஏறீட்டுது. இனித் திருவிழா முடியுமட்டும் கருவாடு ஒருத்தரும் வாங்க மாட்டினம். சைக்கிளுக்கு ஒரு வேலையும் இல்லை.

தம்பி பிரகாஸ் வந்து சில்லைச் சுத்திவிட்டுப் பாத்தான். "ஒரு கம்பியும் தளரேல்லை அக்கா. உதை ஏன் கடைக்குக் கொண்டு போறாய்?"

"உனக்கென்ன தெரியும்" எண்டன்.

லெனாட்டின்ரை சேட்டு நிறத்திலை ஒரு தெறி வாங்கினனான். ஊசியும் நூலும் பையுக்கை வைச்சாச்சு. வெளிக்கிடுறன்.