கட்டமில்லாத பந்துகள்

ஏப்ரல் 11

டென்னி ஹார்க்னஸ் ஒரு கோழை. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள என் வேலையை நறுக்கிவிட்டார்.

காலையில் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பேஸ்பால் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் அவர்தான். பேசியதோ பக்கத்தில் மடிக்கணினியோடு இருந்த கோல்பி. என் வயதுதான், இருபத்து நான்கு. அணியின் புள்ளிவிவரமெல்லாம் அவன் கையில். எதிரணிக்காரன் ஓர் ஆட்டத்தில் முதல் தடவை மட்டையோடு வரும்போது என் பந்தில் திணறுகிறானாம், மூன்றாம் தடவை வரும்போது அடித்து நொறுக்குகிறானாம். அதனால் இனி நான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டாம். கடைசியில் வந்து ஒரே ஒரு இன்னிங்ஸ், அதாவது மூன்று பேரை வெளியேற்றும் வரை, வீசிவிட்டுப் போகும் மாற்றாள்.

"ஆரம்பத்துலேர்ந்து வீசறவன் வருஷத்துக்கு நூத்தம்பது இன்னிங்ஸ். மாத்தாள் அம்பது. ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல. மூணுல ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கலாம்," என்றான் கோல்பி. பொய் சொல்லத் தெரியாதவன்.

"ஆகஸ்ட் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ, தம்பி," என்றார் டென்னி. "கை நல்லா இருந்தா திரும்ப உன்னையே ஆரம்பத்துல போடறேன்."

கை. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவனுக்கு இங்கே அமெரிக்காவில் அதுதான் பெயர். 'நல்ல கை ஒண்ணு வந்திருக்கு' என்பார்கள். மீதி உடம்பு எந்த விமானத்தில் வந்ததாம்?

ஏப்ரல் 19

மாற்றாட்கள் காத்திருக்கும் அடைப்பு மைதானத்தின் கோடியில், கம்பிவலைக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் ஒரு தொலைபேசி. அது அடித்தால் எழுந்து பந்து போட்டுக் கையைச் சூடாக்க வேண்டும். டென்னி மனம் மாறினால் மறுபடி அடிக்கும்: உட்கார்.

தொடங்கி வைக்கிறவனுக்கு ஐந்து நாளில் ஒரு நாள்தான் ஆட்டம். அன்று நிதானமாக நாற்பது பந்து போட்டுச் சூடேறுவேன். ஏழு வருடப் பழக்கம். இங்கேயும் அதையேதான் செய்தேன்.

அடைப்பில் எங்கள் பந்தைப் பிடிக்கிறவர் நெஃப்தலி, எங்கள் பானி ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது. சிரித்தார். "டேய் ஹைரோ, எட்டுப் பந்து போதும்டா. காப்பி கேட்டா கல்யாணச் சாப்பாடே சமைக்கறியே."

எட்டுப் பந்தில் என் கை விழிப்பதில்லை. என்ன செய்ய?

மே 6

நேற்று மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும் உட்காரச் சொன்னார்கள். ஆட்டத்துக்குள் போகவே இல்லை.

இன்று டென்னி சொல்கிறார்: "நேத்து ஓய்வுதானே உனக்கு? இன்னிக்கு ரெடியா இரு."

ஓய்வு. கோல்பியின் பட்டியலில் நேற்றைய தேதிக்கு நேரே பூஜ்யம். நூறு பந்துக்கு மேல் போட்டிருக்கிறேன்.

நெஃப்தலி பந்து வாளியின் மூடியைத் திருப்பி, உள்பக்கம் கோடு போட ஆரம்பித்துவிட்டார். நான் அடைப்பில் போடும் பந்துக்கு ஒரு கோடு.

மே 30

எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். பூஜ்யம்.

ஜூன் 24

இன்று ஒன்பது பந்தில் மூன்று பேரையும் வெளியே அனுப்பினேன். இவ்வளவு வேகம் நான் போட்டதே இல்லை. டென்னி முதுகில் தட்டினார். "பாத்தியா? இதுக்குன்னே பொறந்தவன்டா நீ."

நன்றாக வீசினால் இந்த அடைப்பிலேயே கட்டிப்போடுவார்கள். மோசமாக வீசினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். எப்படித்தான் வீசுவது?

ஜூலை 15

சுண்டுவிரல் மரத்துப்போகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஆகஸ்டுக்கு இன்னும் பதினேழு நாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுடா. போய்ச் சொல்லிடு," என்றார் நெஃப்தலி.

"சொன்னா ஆரம்பத்துல போட மாட்டாங்கண்ணே."

"சொல்லாட்டி மட்டும்?"

அவர் அடுத்த கோட்டைப் போட்டார்.

ஜூலை 29

முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. ஆட்டத்தில்கூட இல்லை, அடைப்பில். இன்று மூன்றாவது முறை எழுந்தபோது, முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ பந்து. அது நெஃப்தலியின் தலைக்கு மேலே போய் வலையில் சிக்கியது. நான் மண்டிபோட்டிருந்தேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. உட்காரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 5

தசைநார் கிழிந்துவிட்டது. இடது மணிக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வலது முழங்கையில் தைப்பார்களாம். ஒரு வருடத்துக்குப் பந்தைத் தொட முடியாது.

அணியின் அறிக்கையைக் கோல்பி காட்டினான். 'இந்த ஆண்டு வீசியது 31 இன்னிங்ஸ். பணிச்சுமை குறைவு. காயத்துக்குக் காரணம் தெரியவில்லை.'

"அடைப்புல போட்டதெல்லாம் எங்கே?" என்றேன்.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல, ஹைரோ."

"கட்டம் இல்லன்னா பந்தும் இல்லையா?"

மடிக்கணினியை மூடினான். பாவி, அவனுக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்?

நவம்பர் 12, பானி

அணியிடமிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை. மூன்று வரி. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

மாலையில் நெஃப்தலி வந்தார். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார். பைக்குள்ளிருந்து வாளி மூடியை எடுத்து மேசைமேல் வைத்தார். "திருடிட்டு வந்தேன். வாளிய மட்டும் விட்டு வெச்சிருக்கேன்," என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். அறிக்கையில் இருக்கும் பந்துகள் ஐந்நூறைத் தொடாது. மூடியில் இருப்பவை இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு.

கிளம்பும்போது சொன்னார்: "ஓசீரிஸை அடுத்த வருஷம் அடைப்புக்கு அனுப்பறாங்களாம்."

எங்கள் அணியின் ஓசீரிஸுக்கு இருபது வயது. ஐந்து நாளில் ஒரு நாள் வீசுகிறவன். அவனும் நாற்பது பந்து போட்டுத்தான் சூடேறுவான். நான்தான் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்.

மூடியைப் படம் எடுத்துக் கோல்பிக்கு அனுப்பினேன். கீழே எண்ணிக்கை. அதற்குக் கீழே: 'இதற்கு ஒரு கட்டம் போடு.'

நவம்பர் 16

படித்துவிட்டான். நீலக் குறி விழுந்து நான்கு நாள் ஆகிறது.

மறுபடி அனுப்பினேன். 'எனக்காக வேண்டாம். ஓசீரிஸ் அடைப்பில் எழுந்து நிற்பதற்குள் கட்டம் போடு, கோல்பி.'

நீலக் குறி.