காந்தப் பெட்டியும் மாதா சுரூபமும்

12 ஜூன் 1989, திங்கள்
புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். சுரப்பிக்குள்ளேயே இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். வெளியே பரவியிருந்தால் அறுத்துப் பயனில்லை. அதைப் பார்க்கத்தான் இன்று புதிதாக வந்திருக்கும் காந்த ஸ்கேன்.

உடம்பில் இரும்பு உண்டா என்று ஹிந்தியில் கேட்டான் ஸ்கேன்காரன். வாட்ச், சாவி, பெல்ட்டைக் கொடுத்துவிட்டு இல்லை என்றேன். குழாய்க்குள் டமடமவென்று சத்தம். பம்பாய் குர்லா பட்டறையில் முப்பது வருஷம் டிரங்குப்பெட்டி அடித்தவனுக்கு இதெல்லாம் தாலாட்டு. உள்ளே போகும்போது இடுப்பில் சுண்டி இழுத்தது. அங்கே என் வீட்டுக்காரி ராணி கட்டிவிட்ட மாதா சுரூபம், காசளவு பதக்கம்! அம்மா பிடித்துக்கொண்டாள் என்று கண் கலங்கிவிட்டது.

14 ஜூன்
படத்தில் பார்க்க வேண்டிய இடத்திலேயே ஒரே கறுப்பு. படம் சரியில்லை, திங்கட்கிழமை மறுபடி எடுப்போம் என்றார் டாக்டர் வெங்கடேஸ்வரன். மறைக்கிறாரோ? அவ்வளவும் புற்றா? ராணியிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் போயிட்டா இவ என்ன செய்வா?

16 ஜூன்
சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

19 ஜூன், திங்கள்
டாக்டரே வந்து ஆஸ்பத்திரி அங்கியை விலக்கிப் பார்த்தார். அரைஞாண் கயிற்றில் சுரூபம்.

“மாதா இருக்கட்டும் பெரியவரே. அவளைக் கோத்திருக்கிற ஊக்கு இரும்பாச்சே?”

இடுப்பை இழுத்தது அந்த ஊக்குதான். படத்தைக் கறுப்பாக்கியதும் அதுதானாம். தகரம் அடித்த எனக்கு மண்டையில் இருப்பது மூளையா, சாணியா? ஆனால் சாமி சமாச்சாரத்தை எவன் இரும்பு என்று நினைப்பான்! அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஊக்கைக் கழற்றிவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள்.

21 ஜூன்
புற்று சுரப்பிக்கு உள்ளேதான் இருக்கிறது! வெளியே ஒரு பொட்டுகூட வரவில்லை! ஜூலை ஐந்தாம் தேதி ஆபரேஷன்.

கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில் ஆளுக்கொரு ரவா தோசை. அந்த ஐந்து நாள் பட்ட பாட்டை அங்கேதான் ராணியிடம் சொன்னேன். தோசையை அப்படியே வைத்துவிட்டு அழுதாள்.

“அம்புட்டுப் பயத்தையும் தனியாவா வச்சிருந்திய?”

10 செப்டம்பர், ஞாயிறு
பாந்த்ரா மாதா கோயில் திருவிழா. ஆபரேஷன் நல்லபடி முடிந்து இரண்டு மாதம்; எங்கும் உட்காராமல் படி ஏறினேன். சுரூபம் இடுப்பில்தான் இருக்கிறது, இப்போது நூலில்.

நேர்ச்சைக் கடையில், குணமான உறுப்பை மாதாவுக்குக் காணிக்கையாக வைக்க, மெழுகில் கை, கால், இதயம் எல்லாம் உண்டு. எனக்கு அறுத்த இடத்துக்கு உருவம் இல்லை. கடைக்காரியிடம் எப்படிக் கேட்பது? நான் நெளிந்துகொண்டு நிற்க, ராணி ஒரு முழு ஆள் உருவத்தைக் கையில் எடுத்தாள்.

“ஏட்டி, நோவு ஒரு இடத்துலதான?” என்றேன்.

“மாதா திருப்பித் தந்தது முழு ஆளையில்லா” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கினாள்.