மூன்று மாதப் படிப்பு

செஞ்சி,
சனிக்கிழமை.

அன்புள்ள பிரீத்திக்கு,

மங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் கம்பெனியில் நைட் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார்களா? இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. காரணம் இருக்கிறது.

நேற்று உன் தங்கை காயத்ரி நான் வேலை பார்க்கும் கோச்சிங் சென்டருக்கு வந்தாள். திண்டிவனம் காலேஜில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறதாம், அது வேண்டாமாம். மூணு மாசத்துல வேலை கிடைக்கும்னா மூணு வருஷம் எதுக்குக்கா என்று கேட்கிறாள். கூட்டு ரோட்டு பேனரைப் பார்த்துத்தான் வந்தாளாம். அதில் 'பயிற்சி முடித்தேன், பணியில் அமர்ந்தேன்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

அந்தப் பணி என்னவென்று உனக்கே சொன்னதில்லை, வெட்கம். அக்கவுண்ட்ஸ் கோர்ஸை முடித்துவிட்டு, புதுச்சேரி வரை ஏழு ஆபீஸ் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிகிரி இல்லியாம்மா என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து படித்த சுதர்சனாவுக்கு உடனே வேலை. அவள் ஏற்கெனவே பி.காம். கடைசியில் என்னை எடுத்துக்கொண்டது எங்கள் சென்டர்தான், இதே கோர்ஸுக்கு ஆள் பிடிக்க. அவலூர்பேட்டை, அனந்தபுரம் என்று பஸ் ஏறிப் போய், ப்ளஸ் டூ முடித்த பெண்களிடம் என்னைப் பாருங்கள் என்கிறேன். போன பேட்ச் பெண்கள் துணிக்கடையில் நிற்கிறார்கள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். விட்டுவிடலாமென்றால் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

காயத்ரியிடமும் அதே பேச்சைத்தான் பேசினேன். சென்டரை நடத்தும் சார் எதிரில் உட்கார்ந்திருந்தார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறதடி.

சேர்ந்தவர்கள் நடுவில் நின்றுவிடக் கூடாதென்று ஒரிஜினல்களை வாங்கி பீரோவில் பூட்டிவிடுவோம். காயத்ரியும் நேற்றே கொடுத்துவிட்டாள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் இல்லாமல் காலேஜில் சேர்க்க மாட்டார்கள். அங்கே சேர வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவளிடமே கொடுத்தால் திரும்பவும் சாரிடம் கொண்டுபோய் நீட்டுவாள், அவ்வளவு நம்பிக்கை. அதனால் பீரோ சாவி என் கையில் இருந்தபோது அவளுடையதை எடுத்து, இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். லீவு போட்டுவிட்டு வந்து நீயே சேர்த்துவிடு.

என்னுடைய ஒரிஜினல்களும் அங்கேதான் இருந்தன. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். எனக்கு இனிமேல் எந்தக் காலேஜ்?

திங்கட்கிழமை சார் கேட்பார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. காயத்ரி என்னைத் திட்டினால் திட்டட்டும், நன்றாகப் படிக்கட்டும். எங்கள் சென்டர் மாடிப்படியை மட்டும் அவளை ஏறவிடாதே, பிரீத்தி.

உன்,
மங்கை