நீ வெளியேறிய அறை

விழுப்புரத்தில் இன்று ஒரு வீட்டு வாயிலில் பலகை தொங்கக் கண்டேன்: "ரூம் வாடகைக்கு. சைவம் மட்டும்." பார்த்ததும் சினம் பொங்கியது. நீ மறைந்து ஓராண்டு ஆகிறது, நண்பா. ஆயினும் இந்தச் சினத்தை உன்னிடமன்றி வேறெவரிடம் சொல்வேன்?

1993. திண்டிவனத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் நீ ஆங்கிலம் கற்பித்தாய். நான் ஊர் ஊராக மேடையேறித் தனித்தமிழ் முழங்கினேன். மாடி அறையொன்றை இருவரும் கேட்கப் போனபோது வீட்டுக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "இவரு இன்னா ஆளுங்க?" என்றார். "என் உறவுக்காரர்" என்றேன். பொம்மையார்பாளையத்து மீனவர் மகன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கதவு திறந்திராது.

உன் வாயில் 'ரூம்' வரும்போதெல்லாம் 'அறை' என்று இடைவெட்டுவேன். நீ சிரிப்பாய்.

"தலைவரே, அந்த ஒரு வார்த்தைய வச்சிக்கினு இங்கிலீஷ்காரன் எவ்ளோ வேலை வாங்குறான் பாரு. லாட்ஜுல படுத்தா ரூமு. ஆபரேசன் பண்ற எடமும் ரூமு. பஸ்ல நவுந்து உக்காந்து ஒருத்தருக்கு எடம் குடுத்தா அதுவும் ரூமுதான். உன் அறைல அவ்ளோ இருக்குதா?"

"பேச்சை மாற்றாதே" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை மண்ணெண்ணெய் அடுப்பில் வறுத்தாய். மணம் படியிறங்கியது, வீட்டுக்காரர் படியேறினார்.

"கடக்கரை ஆளா நீ? சொந்தக்காரன்னு பொய் சொல்லிக்கினு உள்ள வந்துட்டியா?" உன் தகரப் பெட்டியை வாசலுக்கு இழுத்தெறிந்தார். "ஜல்தியா கெளம்பு! இது ரூமா, மீன் மார்க்கெட்டா?"

பொய் சொன்னவன் நான். ஏச்சு வாங்கியவன் நீ. ஆயிரம் பேர் நடுவே ஒலிபெருக்கி அதிர முழங்கிய என் வாய் அப்போது திறக்கத்தான் செய்தது. பழக்கத்தில் திறந்தது.

"ரூம் அல்ல ஐயா, அறை."

வீட்டுக்காரரே திகைத்துப் போனார். நீ மட்டும் சிரித்தாய். "நல்லா சொன்ன தலைவரே. வர்றேன்." பெட்டியைத் தோளிலேற்றிப் பேருந்து நிலையம் நோக்கி நடந்தாய்.

வீட்டுக்காரர் மீது எனக்குள்ள சினம் இன்றும் ஆறவில்லை. உன் மீதும் சினம் உண்டு. ஏன் சிரித்தாய்? தெருவே கேட்க என்னைத் திட்டியிருக்கலாமே! பின்னாளில் மரக்காணத்தில் நான் பேசிய கூட்டங்களுக்கெல்லாம் வந்தாய். முன்வரிசையில் அமர்ந்து கை தட்டினாய். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீ கேட்கவில்லை. நானாகச் சொல்லும் துணிவு எனக்கும் வரவில்லை.

"அவன் போனால் நானும் போகிறேன்." நான்கே சொற்கள். அன்று சொல்லாத அவற்றை எந்த மேடையிலும் இறக்கி வைக்க முடியாமல் சுமந்து திரிகிறேன். ஏனென்றால் நான் போகவில்லை. அதே அறையில் மேலும் ஈராண்டு குடியிருந்தேன். நீ பாய் விரித்த பக்கத்தில் என் நூல்களை அடுக்கிக்கொண்டேன்.