தாத்தாவின் கர்சீப்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். பதில் எழுத ஒரு மாதம் தாமதமாகிவிட்டது, கோபிக்காதீர்கள். நாங்கள் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

போன வாரம் பள்ளி விடுமுறை என்பதால் பாப்பாவை ஆய்வகத்துக்கே அழைத்துப் போனேன். சாலைப் புகை படிந்து கறுத்துப்போன ஃபில்டர் தாள்களை எடைபோட்டு, காற்றின் மாசை அளப்பதுதானே என் வேலை? ஒன்றைப் பார்த்ததும், "அம்மா, தாத்தா கர்சீப்!" என்று கத்திவிட்டாள். போன லீவில் பார்த்ததை மறக்கவில்லை.

"உங்கப்பா என்ன, கரி விக்கிறாரா?" என்று பக்கத்து மேசை அக்கா சிரித்தார்.

"டிராஃபிக் போலீஸ்க்கா. முப்பது வருஷமா ரோட்டுல நிக்கிறாரு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பயப்படாதீர்கள். புகையில் நின்ற எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் சிகரெட் தொடாதவர்களுக்கும் வருஷக்கணக்கான வண்டிப்புகையால் அந்த ஆபத்து கூடுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டு இன்னும் டிவிக்கு அடியில்தான் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். "பீடியே தொட்டதில்ல, எனக்கென்ன?" என்றீர்களாம்.

நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று கர்சீப்பை நீங்களே துவைப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன் அப்பா. நீங்கள் அந்தப் புகையில் நின்றதால்தான் நான் படித்தேன். அந்தக் கர்சீப்பின் கறுப்பைப் பார்த்ததால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. இத்துடன் ஆறு புதுக் கர்சீப் அனுப்புகிறேன். பதிலுக்கு உங்கள் பழையது ஒன்றை அனுப்புங்கள். நீங்கள் துவைக்கும் அந்தச் சோப்பு வாசனை இங்கே கிடைப்பதில்லை. ஸ்கேனுக்கு லீவு போட்டுவிட்டு, புதியதில் ஒன்றை எடுத்துப் போங்கள். அன்றைக்காவது அது வெள்ளையாகவே வீடு திரும்பட்டும்.

உங்கள் மகள்